பிரமச்சாரி பாரிஸ்டர்

அத்தியாயம் பதினொன்று

"டமார்!"

குளக்கட்டுப் பக்கமிருந்து வந்த வெடிச் சத்தத்தில் குசினிக் கூரையில் இருந்த காகங்கள் ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. விமலேஸ்வரியின் கையில் இருந்த தேங்காய்ப் பாதி நழுவித் திருவலையில் முட்டி அடுப்படிவரை உருண்டது.

"டமார்! டமார்!"

யானை வெடி! பகல் பத்து மணிக்கு யானை வெடியா?

மாசி மாதம். அக்கராயன் வயல்களில் நெல் தலை சாய்த்து நின்றது. இந்த நாட்களில் காட்டுக் கரையில் குடில் போட்டு, வெடியும் தீப்பந்தமுமாக ஆண்கள் காவல் இருப்பார்கள். யானை இரவில்தான் இறங்கும். பகலில் இறங்கியதாக விமலேஸ்வரி கேள்விப்பட்டதில்லை.

"அண்ணை! வயலுக்கை யானையோ?" என்று கூவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

வேலிப் படலைவரை ஓடிப்போன யோகநாதன் மண்வெட்டியைத் தோளில் இருந்து இறக்கியபடி திரும்பி வந்தான்.

"யானையில்லை, பாரிஸ்டர் வாறார். காவலுக்கெண்டு வைச்சிருந்த வெடியெல்லாத்தையும் பெடியள் கொளுத்தித் தள்ளுறாங்கள். இனி உண்மையான யானை வந்தால் கைதட்டித்தான் கலைக்க வேணும்."

"ஏன், இதுவும் யானைதானே?" என்றாள் அவன் மனைவி இராசமலர், அரிசி களைந்த தண்ணீரை வாழையடியில் ஊற்றிக்கொண்டு. "பன்ரெண்டு வருசம் காட்டுக்கை நிண்டிட்டு, விளைஞ்ச நேரம் பாத்து வயலுக்கை இறங்குது."

"மச்சாள்!" என்றாள் விமலேஸ்வரி.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, அம்மா. உம்மடை ஆள். உம்மடை சோறு."

விமலேஸ்வரி குசினிக்குள் திரும்பித் தேங்காயை எடுத்துக் கழுவினாள். கழுவின தேங்காயை இன்னொருமுறை கழுவினாள்.

பன்னிரண்டரை வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆடி மாதம். கனகலிங்கம் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போகக் கப்பலில் இடம் எடுத்தாகிவிட்டது. விமலேஸ்வரிக்கு அவன்தான் என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ முடிவாகியிருந்தது. ஆனால் ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்? ஆவணிவரை கப்பல் காத்து நிற்குமா?

விமலேஸ்வரியின் தகப்பன் ஏரம்பர்தான் வழி சொன்னார்.

"சோறு குடுத்து விடுவம். எங்கடை ஆக்களுக்குள்ளை நடக்காததோ? என்ரை ஆச்சியும் அப்படித்தான். தாலியைப் பெடியன் திரும்பி வந்து கட்டட்டும்."

விளக்கேற்றி, நாலு இனசனத்தைக் கூப்பிட்டார்கள். கனகலிங்கம் கூறைச் சேலையைக் கொடுத்தான். அவள் அதை உடுத்து வந்து, தன் கையால் அவன் இலையில் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு எழும்பியதும் அதே இலையில் இருந்து அவளும் சாப்பிட்டாள். அவ்வளவுதான் கலியாணம். ஐயரும் இல்லை, பதிவும் இல்லை. ஊர் ஏற்றுக்கொண்டது. பதினெட்டாம் நாள் அவன் கப்பல் ஏறினான்.

மூன்று கடிதம் வந்தது. முதல் கடிதத்தில் ஒரு வேடிக்கை எழுதியிருந்தான். 'இங்கே பாரிஸ்டராக வெறும் படிப்புப் போதாது, விமலா. சட்டவிடுதியில் இத்தனை நாள் இருந்து விருந்து சாப்பிட வேண்டும். சாப்பிடாதவனுக்குப் பட்டம் இல்லை. உம்முடைய கையால் சாப்பிட்டுப் புருஷனானேன். இவர்களுடைய கையால் சாப்பிட்டுப் பாரிஸ்டராகப் போகிறேன்.' அந்தக் கடிதத்தைப் படித்து அவள் தனியாக இருந்து சிரித்த சிரிப்பு!

அடுத்த சித்திரையில் அருந்ததி பிறந்தாள். அந்தச் செய்தியை விமலேஸ்வரி எழுதினாள். பிறகு கடிதமே இல்லை. வீடு மாறியிருப்பார், தன் கடிதம் கைக்குக் கிடைத்திருக்காது என்று ஒரு வருடம் சொன்னாள். அடுத்த வருடமும் அதையே சொன்னாள். ஏரம்பர் காலமானார். யோகநாதன் குளத்துக்குக் கீழே காணி கிடைத்து அக்கராயனுக்கு வந்தபோது தங்கையையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். இங்கே அவள் 'லண்டன்காரன்ரை பெண்சாதி'. கழுத்தில் தாலி இல்லாததால் கலியாண வீடுகளில் ஆலாத்தி எடுக்க ஒருவரும் கூப்பிடுவதில்லை. பொட்டு வைப்பதை ஒருவரும் குறை சொல்வதும் இல்லை. அப்படி ஒரு வாழ்வு.

இப்போது அவன் வந்துவிட்டான். கொழும்பில் இறங்கிய செய்தியைப் பேப்பரில்தான் பார்த்தார்கள். அடுத்த செய்தி, தேர்தலில் நிற்கிறான் என்பது. சுயேச்சை. குடைச் சின்னம். அக்கராயனும் அவன் தொகுதிக்குள்தான்.

நேற்றுப் பின்னேரம் அவனுடைய தேர்தல் ஏசண்டு தவராசா சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "நாளைக்கு மத்தியானச் சாப்பாடு உங்கடை வீட்டிலை. ஐயாவே தன்ரை வாயாலை சொன்னவர், யோகநாதன் வீட்டிலைதான் சாப்பிடுவன் எண்டு."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு விமலேஸ்வரி இரவு முழுக்கக் கண் மூடவில்லை. சாப்பிட வருகிறார். அவர் தாலியோடு வரத் தேவையில்லை. ஊரார் முன்னால் என் கையால் போட்ட சோற்றை இன்னொருமுறை சாப்பிட்டால் போதும். நானும் மனுஷி, என் பிள்ளையும் தகப்பன் உள்ள பிள்ளை.

"அவருக்கு வேண்டியது உம்மடை சோறோ, உம்மடை அண்ணையின்ரை வாக்கோ?" என்று இராசமலர் கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. யோகநாதன் விவசாயச் சங்கத் தலைவர். குளத்துக்குக் கீழே எண்பது குடும்பம் அவன் சொன்ன இடத்தில் புள்ளடி போடும்.

"இரண்டுமாய் இருக்கட்டும் மச்சாள்" என்றாள் விமலேஸ்வரி. "எனக்கு என்ரை பங்கு போதும்."

அருந்ததி அறைக்குள் இருந்து வந்தாள். நீல நிறப் பாவாடை, இரட்டைப் பின்னல். வருகிற சித்திரையில் பன்னிரண்டு. தகப்பனின் நீண்ட மூக்கு.

"அம்மா, நான் கூட்டத்துக்குப் போகட்டோ? குளக்கட்டுக்கு எல்லாப் பிள்ளையளும் போகுதுகள்."

"போ. ஆனால் முன்னுக்குப் போய் நிக்காதை."

"ஏன் அம்மா? அவர் என்னைப் பாக்க வேண்டாமோ?"

விமலேஸ்வரி பிள்ளையின் பின்னலை இழுத்துச் சரிசெய்தாள். "வீட்டை வந்து ஆறுதலாப் பாப்பார்" என்றாள்.

பிள்ளை ஓடினாள்.

குளக்கட்டு மருத மரத்தில் கட்டியிருந்த லவுட்ஸ்பீக்கர் கரகரத்து, விசிலடித்து, பிறகு தெளிந்தது. தவராசாவின் குரல் வயலைத் தாண்டிக் குசினிக்குள் வந்து உட்கார்ந்தது.

"அன்பான வாக்காளப் பெருமக்களே! ஐயா பேசமுதல் ஐயாவின்ரை வாழ்க்கையைச் சுருக்கமாச் சொல்லுறன்…"

விமலேஸ்வரி அடுப்பு நெருப்பைக் குறைத்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி கொதிக்கிற சத்தம் இடைஞ்சலாக இருந்தது.

"ஏழை வாத்தியாருக்கு மகனாப் பிறந்தவர்! தெருவிளக்கிலை படிச்சவர்!"

"வாத்தியார் வீட்டிலை இரண்டு லாம்பு இருந்தது. நான் கண்டனான்" என்றாள் இராசமலர்.

"உஷ், மச்சாள்."

"லண்டன் மாநகரிலை பாரிஸ்டர் பட்டம் எடுத்தவர்! வெள்ளைக்காரன்ரை கோட்டிலை, வெள்ளைக்காரனுக்கு முன்னாலை, கறுத்தத் தொழிலாளியளுக்காக வாதாடி வெண்டவர்! லண்டனிலையே ஒரு நகரசபைக்கு உறுப்பினராத் தெரிவானவர்! பிறகு அவங்கடை பாராளுமன்றத்துக்கும் நிண்டவர். நானூறு வாக்கிலைதான் தவறினது! வெள்ளைக்காரனே எங்கடை ஐயாவுக்குப் புள்ளடி போட்டிருக்கிறான். நீங்கள் போடமாட்டியளோ?"

சிரிப்பும் கைதட்டலும். விமலேஸ்வரிக்கும் சிரிப்பு வந்தது. அவள் அறியாத வருடங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்த வருடங்களில் தான் எங்கே வருவேன் என்று அவள் காது கூர்ந்து காத்திருந்தாள். லண்டன் கதைக்கு முன்னாலேயே தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடைசியில் சொல்வார்களோ?

கடைசி வந்தது.

"ஆயிரம் பெரிய இடத்துச் சம்பந்தம் வந்தும், தன்ரை சனத்துக்காகவே உழைக்க வேணும் எண்டு கலியாணமே செய்யாமல் இருக்கிற பிரமச்சாரி, பாரிஸ்டர் கனகலிங்கம் ஐயா இப்போது பேசுவார்!"

"டமார்!" மிச்சம் இருந்த யானை வெடியும் வெடித்தது.

கறி அடிப்பிடித்து மணந்தது. இராசமலர்தான் ஓடிவந்து சட்டியை இறக்கினாள். எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் இராசமலர், வாயை மூடிக்கொண்டு கரண்டியைக் கழுவினாள்.

லவுட்ஸ்பீக்கரில் கனகலிங்கத்தின் குரல் வந்தது. அதே குரல்தான். ஆனால் சொற்கள் ஒவ்வொன்றும் இஸ்திரி போட்டதுபோல் வந்தன. குளத்தைத் திருத்துவேன் என்றது. யானைவேலி என்றது. பிரமச்சாரி என்பது பிழை என்று மட்டும் சொல்லவில்லை.

மூச்சு வாங்க அருந்ததி ஓடிவந்தாள். கையில் கசங்கிய நோட்டீஸ்.

"அம்மா! தவராசா மாமா பிழையாச் சொல்லிப்போட்டார். நோட்டீசிலையும் பிழையா அடிச்சுக் கிடக்கு. ஆரும் கெதியாப் போய் அவரிட்டைச் சொல்லுங்கோவன். மற்றக் கூட்டத்திலையும் இப்படிச் சொல்லப்போறார்!"

விமலேஸ்வரி நோட்டீசை வாங்கி மடித்தாள்.

"ஓம், பிழைதான். தவராசாவுக்குத் தெரியாது. நீ போய்க் கை கால் கழுவு."

"சொல்லுவீங்களோ?"

"சொல்லுவம்."

பிள்ளை கிணற்றடிக்குப் போனதும் யோகநாதன் குசினி வாசலில் வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது.

"கேட்டனியோ?"

"கேட்டனான்."

"சாப்பாடு இல்லை எண்டு சொல்லி அனுப்பிறன். சனத்துக்கு முன்னாலை நிண்டு தலை குனிஞ்சன், விமலா. மேலைக் காணிச் சின்னத்துரை என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

"வேண்டாம் அண்ணை."

"என்ன வேண்டாம்? உனக்கு ரோசமே இல்லையோ?"

"மைக்கிலை ஆயிரம் சொல்லலாம் அண்ணை. வந்து இலைக்கு முன்னாலை இருக்கட்டும். நான் போடச் சாப்பிட்டால், அந்த நோட்டீசை நான் அடுப்புக்கை வைச்சிடுவன். சாப்பிடாட்டில்…" அவள் நிறுத்தினாள். "சாப்பிடுவார்."

யோகநாதன் போய்ப் பாய் விரித்தான்.

ஒரு மணிக்குக் கார் வந்து படலையில் நின்றது. பின்னால் கச்சு முகம்மதுவின் லொறி. முல்லைத்தீவில் கடை வைத்திருப்பவர் கச்சு முகம்மது. நெல் ஏற்ற வந்து போகிறதில் ஆறு வருடப் பழக்கம். அருந்ததிக்கு ஒவ்வொரு பயணத்திலும் ஒரு கடதாசிச் சரையில் இனிப்புக் கல்பணிஸ் கொண்டுவருவார். படித்த மனிதர் வென்றால் ஊருக்கு நல்லது என்று லொறியைத் தேர்தல் வேலைக்கு விட்டிருந்தார்.

கனகலிங்கம் இறங்கினான். காதோரம் நரைத்திருந்தது. புது வேட்டி இடுப்பில் நிற்கமாட்டேன் என்றது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான். அவனோடு தவராசாவும் ஊரின் இரண்டு முதியவர்களும் வந்தார்கள்.

"வாங்கோ" என்றான் யோகநாதன். மச்சான் என்ற சொல்லை விழுங்கிவிட்டான்.

விமலேஸ்வரி செம்பில் தண்ணீரோடு நின்றாள். கூறைச் சேலையை எடுத்து உடுப்போமா என்று காலையில் யோசித்து, சீ என்று விட்டுவிட்டு, வெளுத்த பச்சைச் சேலையோடு நின்றாள்.

"சுகமா இருக்கிறீரோ விமலா?"

பன்னிரண்டரை வருடத்தில் அவள் இந்த இடத்துக்கு எத்தனை பதில் கட்டி வைத்திருந்தாள்! எல்லாம் எங்கே போயிற்று?

"ஓம்" என்றாள்.

அவன் செம்பை வாங்கித் தானே காலைக் கழுவிக்கொண்டான்.

விறாந்தையில் பந்தி. ஐந்து இலை. நடு இலையில் கனகலிங்கம். வேலிக்கு வெளியே சனம் நின்றது. பாரிஸ்டர் எப்படிச் சாப்பிடுகிறார் என்று பார்க்க வந்த சனம் கொஞ்சம். அந்தக் கலியாணம் எப்படி நடந்தது என்று அறிந்த சனம் கொஞ்சம்.

விமலேஸ்வரி சோற்றுச் சருவத்தோடு வந்தாள். புது நெல்லுக் குத்தின சிவப்பரிசிச் சோறு. ஆவி முகத்தில் அடித்தது. நடு இலைக்கு முன்னால் குனிந்தாள். அகப்பையில் சோறு எடுத்தாள்.

கனகலிங்கம் இலைக்கு மேலே கையை விரித்து மறித்தான்.

மெல்லத்தான். சிரித்துக்கொண்டுதான்.

"நீர் ஏன் கஷ்டப்படுறீர்? யோகன் போடட்டும்."

அகப்பை நின்றது. வேலிக்கு வெளியே ஒரு கிழவி "ஐயோ" என்றாள். முதியவர்களில் ஒருவர் தன் இலையில் தண்ணீர் தெளிப்பதை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். எந்தச் சட்டப் புத்தகத்தையும் திறக்காதவர்களுக்கும் அந்தக் கை சொன்னது விளங்கியது.

"தங்கச்சி, முதலிலை எனக்குப் போடுங்கோ" என்றார் கச்சு முகம்மது அவசரமாக. "அஞ்சு மணிக்கு எழும்பின வயிறு. பாரிஸ்டர்மாருக்குப் பசி பிந்தித்தான் வரும். எனக்குக் காத்திருக்க ஏலாது."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நான் ஏன் போடவேணும்?" என்றான் யோகநாதன். தூணோடு சாய்ந்து நின்றவன் நிமிர்ந்தான். "போடுறவள் போடுறாள். கையை எடு, கனகு."

"யோகன், சனம் நிக்குது."

"நிக்கட்டும். லண்டனிலை எத்தினை விருந்து சாப்பிட்டு நீ பாரிஸ்டர் ஆனனி? எழுதினனியெல்லே? அங்கை சாப்பிட்ட சாப்பாடு செல்லும். என்ரை அப்பு விளக்கேத்தி வைச்சுத் தந்த சோறு செல்லாதோ?"

தவராசா எழும்பப் பார்த்தார். கனகலிங்கம் அவரைக் கண்ணால் இருத்தினான். குரலை உயர்த்தவில்லை. கோட்டில் பேசிப் பழகிய குரல்.

"இஞ்சை பார், யோகன். பதியாத கலியாணம். நான் இப்ப ஒரு சொல் சொன்னால் எதிர்ப்பக்கம் நாளைக்கே மேடையிலை விமலாவின்ரை பேரை இழுப்பான். தாலி எங்கை, பதிவு எங்கை எண்டு கேட்பான். மானக்கேடு ஆருக்கு? நான் அவவைக் காப்பாத்தப் பாக்கிறன்."

"பிரமச்சாரி எண்டு சொன்னதும் காப்பாத்தத்தானோ?"

"அது தவராசா எழுதினது."

"நீ பக்கத்துக் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டிருந்தாய்."

கனகலிங்கம் இலைக்கு மேலே இருந்த கையை எடுக்கவில்லை. யோகநாதன் முற்றத்தில் இறங்கி, யாரையும் பார்க்காமல், வயல் பக்கம் நடந்தான்.

விமலேஸ்வரி குனிந்தபடியே நின்றாள். அகப்பைச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தால் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்கள். நிமிராமல் எவ்வளவு நேரம் நிற்கலாம்?

அப்போது சின்னக் கை ஒன்று வந்து சருவத்தைப் பிடித்தது.

"தாங்கோ அம்மா. நான் போடுறன்."

அருந்ததி அகப்பையை வாங்கினாள். ஏன் எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கை நோகிறது, மாமாவுக்குக் கோபம், வந்தவருக்குப் பசி. அவ்வளவுதான் தெரியும். நடு இலையில் சோறு போட்டாள். கனகலிங்கம் கையை எடுத்தான்.

ஒரு பிடி சாப்பிட்டான். இரண்டு பிடி. மூன்றாம் பிடியில் தலையை நிமிர்த்திப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

"கெட்டிக்காரப் பிள்ளை. நீர் ஆரின்ரை பிள்ளை?"

அருந்ததி கண்கள் பளபளக்க, 'சொல்லுங்கோ அம்மா' என்று தாயைப் பார்த்தாள். காலையில் இருந்து அவள் காத்திருந்த கேள்வி அது.

விமலேஸ்வரி நிமிர்ந்தாள்.

உங்கடை பிள்ளை. இரண்டே சொல். நோட்டீசும் மேடையும் குடையும் அந்த இரண்டு சொல்லில் சரிந்துபோகும். ஆனால் அவன் கோட்டில் பேசிப் பழகியவன். அதே சிரிப்போடு, அதே மெல்லிய குரலில், 'அதுக்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டால்? என்னைக் கேட்பதை நான் தாங்குவேன். சருவத்தோடு நிற்கிற இந்தப் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு எங்கே போவாள்? கேட்ட காதை எப்படிக் கழுவுவாள்?

"அண்ணையின்ரை பிள்ளை" என்றாள் விமலேஸ்வரி.

குசினி வாசலில் நின்ற இராசமலரின் கையில் இருந்து மோர்ச் செம்பு விழுந்து உருண்டது. பிள்ளை இல்லாத இராசமலர். ஊருக்கே தெரியும்.

அருந்ததியின் முகத்தில் இருந்த வெளிச்சம் அப்படியே இறங்கியது. அழவில்லை. பக்கத்து இலைக்குப் போய் அடுத்தவருக்குச் சோறு போட்டாள்.

"அப்படியோ" என்றான் கனகலிங்கம். தொடர்ந்து சாப்பிட்டான்.

கச்சு முகம்மது தன் இலையை அப்படியே மடித்தார். போட்ட சோறு போட்டபடி இருந்தது.

"என்ன முகம்மது காக்கா, பசி எண்டியள்?" என்றார் தவராசா.

"பசி போயிட்டுது." அவர் எழும்பினார். "பாரிஸ்டர் ஐயா, குறை நினைக்காதையுங்கோ. லொறி பின்னேரம் முல்லைத்தீவுக்குத் திரும்ப வேணும். நாளைக்கும் வராது. நாளையிண்டைக்கும் வராது. கூட்டத்துக்குச் சனம் ஏத்த வேறை ஆரையும் பாருங்கோ." முற்றத்தில் இறங்கியவர் விமலேஸ்வரி பக்கம் திரும்பினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

பந்தி முடிந்தது. வாழையடியில் அருந்ததி செம்பில் இருந்து தண்ணீர் வார்க்க, கனகலிங்கம் குனிந்து கை கழுவினான். எல்லாரும் போனபின்னும் அவன் கொஞ்ச நேரம் அங்கே குனிந்தபடி நின்றதைக் குசினிக்குள் இருந்து விமலேஸ்வரி கண்டாள். பிறகு வேட்டியைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தான். படலையில் நின்று திரும்பிப் பார்த்துக் கும்பிட்டான். வாக்காளரைக் கும்பிடுகிற கும்பிடு. வேலிக்கு வெளியே நின்றவர்களில் ஒரு சிலர் திரும்பக் கும்பிட்டார்கள். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

விறாந்தையில் ஐந்து இலை கிடந்தது. நடு இலைக்கு முன்னால் விமலேஸ்வரி உட்கார்ந்தாள். பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அன்று இதே மாதிரி மிச்சத்தை அவள் அள்ளிச் சாப்பிட்டபோது ஏரம்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்று அந்த இலையை எடுத்து மாட்டுக்குப் போட்டாள். மாடு தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"அழும்" என்றாள் இராசமலர் பின்னால் வந்து. அதட்டுகிற மாதிரித்தான் சொன்னாள், ஆனால் அவள் குரல் உடைந்திருந்தது. "ஒருக்கா அழுது முடியும். பேந்து யோசிப்பம்."

"அழுகை வருகுதில்லை மச்சாள். உங்கடை பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன். கேளாமல் சொல்லிப்போட்டன்."

"என்ரை பிள்ளை எண்டு சொன்னதிலை எனக்கென்ன குறை? ஆனால் பெட்டை இனி உம்மை எப்படிப் பாப்பாள்? அதைச் சொல்லும்."

அதைத்தான் விமலேஸ்வரியால் நினைக்க முடியவில்லை.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் அருந்ததி கிணற்றுக் கட்டில் தனியாக இருந்தாள். விமலேஸ்வரி போய்ப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளையின் பின்னலை எடுத்துத் தன் மடியில் போட்டாள். பிள்ளை விலகவில்லை.

"பிள்ளை, அம்மா அப்படிச் சொன்னது… உன்னைக் குறைச்சுச் சொல்லேல்லை. அந்த நேரம் அம்மாவுக்கு வேறை வழி தெரியேல்லை. அம்மாவிலை கோவமோ?"

அருந்ததி திரும்பினாள். விமலேஸ்வரி எதிர்பார்த்த அழுத முகம் அங்கே இல்லை. மத்தியானம் இறங்கிய வெளிச்சம் திரும்ப ஏறி, இன்னும் கூடப் பளிச்சென்று இருந்தது. ஒரு பெரிய விஷயத்தை வாய்க்குள் அடக்கி வைத்துக்கொள்ள முடியாமல் பிள்ளை உதட்டைக் கடித்தாள். பிறகு தாயின் காதோடு வாயை வைத்தாள்.

"கோவமில்லை அம்மா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டுதான் சொன்னவர். கை கழுவேக்கை, 'அப்பாவுக்கு எல்லாம் தெரியும், எலெக்சன் முடியுமட்டும் மாமாவின்ரை பிள்ளையாவே இரும், பிறகு வந்து உம்மை மட்டும் கூட்டிக்கொண்டு போறன்' எண்டு சொன்னவர்."